கட்டை கிளப்பும் கௌபோய்

‘ஷேன்’ படத்தை யாழ்ப்பாணத்து உரும்பிராயில் தோட்டம் செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒருதடவையாவது போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்பது குறைத்துச் சொன்னது. வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் விசர். 1953 இல் பரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட படம், ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கியது, வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கௌபோய் படம் என்றால் குதிரை, தொப்பி, துவக்கு, சடசடவென்று விழும் பிணங்கள் என்று எண்ணி இதன் முன்னால் குந்துகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பாதிப் படம் தாண்டியும் மனிதனை மனிதன் சுடுவதில்லை. அதற்குப் பதிலாக இரண்டு ஆம்பிளைகள் வேர்க்க வேர்க்க நின்று ஒரு அடிக்கட்டையைக் கிளப்புகிறார்கள்.

அந்தக் கட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்ற எதையும் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது.

இடம் வயோமிங் மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கு. ஜோ ஸ்டாரெட் என்ற கமக்காரன், மனைவி மரியன், சின்ன மகன் ஜோயி, ஒரு மரவீடு, சுற்றிவரக் கொஞ்சம் பயிர். மலையிலிருந்து குதிரையில் ஒருவன் இறங்கி வருகிறான். பெயர் ஷேன். எந்த ஊர், என்ன தொழில், ஏன் வந்தான் என்பதற்குப் படம் முடியும்வரை பதிலில்லை. அவனை இருத்திச் சாப்பாடு கொடுக்கிறார்கள். சாப்பிட்டு முடிந்ததும் ஒரு கதையும் பேசாமல் எழும்பி வெளியே போகிறான். கோடாலிச் சத்தம் கேட்கிறது. வளவுக்குள்ளே ஜோ நெடுநாளாக மல்லுக்கட்டியும் அசையாத பெரிய கட்டையொன்று நிற்கிறது. அதன் வேரில் கொத்திக்கொண்டு நிற்கிறான் விருந்தாளி. உண்ட சோற்றுக்குக் கைம்மாறு என்று அவன் சொல்லவில்லை, படமும் சொல்லவில்லை. ஜோ இன்னொரு கோடாலியைத் தூக்குகிறான். ஒருவன் ஓங்க மற்றவன் இறக்க, இருவரும் மாறி மாறிக் கொத்துகிறார்கள். விக்டர் யங்கின் இசை கோடாலி வீச்சோடு ஏறி ஏறிப் போகிறது. மரியன் வந்து குதிரையைப் பூட்டி இழுக்கலாமே என்கிறாள். ஜோ மறுக்கிறான். இவ்வளவு தூரம் வந்தபிறகு இதைத் தங்கள் உடம்பால்தான் முடிக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ள, கட்டை முனகிக்கொண்டு சரிகிறது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்து வளவு அண்ணையைக் கூப்பிட்டு இருத்தி இந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். அவர் புகையிலையும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்துக் காய்த்த கைக்காரர்; ஆங்கிலப் படத்தில் அவருக்கு ஒரு நாட்டமும் இல்லை. மரியன் வாய் திறக்க முதலே, “மாடு பூட்டினால் என்ன, இவங்களுக்கு?” என்றார். அடுத்த கணம் திரையில் அவளும் அதையே கேட்டாள். அண்ணை முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். இருவரும் தள்ளத் தொடங்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, அங்காலைப் பக்கத்து வேர் இன்னும் அறுபடேல்லை. உப்பிடித் தள்ளினால் தோள்மூட்டுத்தான் கழரும். ஒரு அலவாங்கு இல்லையோ இவங்களிட்டை?” துவக்குச் சண்டையைப் பார்த்து யாரும் இப்படிப் பதறி நான் கண்டதில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு உறுதியானது: இது துவக்குக்காரரின் படம் இல்லை, கமக்காரரின் படம், அதை எங்கள் செம்பாட்டு மண்ணில் கை அளைந்தவர்களைவிட நன்றாக விளங்கிக்கொள்ள ஹொலிவூட்டில்கூட ஆள் இருக்காது.

கதையின் முடிச்சும் காணிதான். 1862 இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த குடியேற்றச் சட்டப்படி, அரச நிலத்தில் 160 ஏக்கரைப் பதிந்து, ஐந்து வருடம் அதிலேயே குடியிருந்து பயிர் செய்தால் அது சொந்தமாகும். 160 ஏக்கர் என்றால் எங்கள் கணக்கில் 2,560 பரப்பு. அதை அண்ணைக்குச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாலு பரப்புக்கு நாலு தலைமுறையாக வழக்காடிய ஊரில் அந்த எண் இலேசில் தொண்டைக்குள் இறங்காது. ஆனால் அந்த 2,560 பரப்புக்காரனும் நிம்மதியாக இல்லை. பள்ளத்தாக்கு முழுவதும் மாடு மேய்த்துப் பழகிய ரைக்கர் என்ற பெரிய கை, குடியேறிகள் வேலி அடைப்பதைப் பொறுக்கமாட்டாமல் நிற்கிறான். அவனுடைய ஆட்கள் பயிருக்குள்ளே மாட்டை விடுகிறார்கள், வெருட்டுகிறார்கள். இது முழுக்கக் கற்பனை இல்லை. 1892 இல் வயோமிங்கின் ஜோன்சன் கவுண்டியில் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள் கூலிக்கு ஆயுதகாரரைப் பிடித்துச் சிறு குடியேறிகள்மேல் ஏவியது வரலாறு.

வேலி! இதைவிட யாழ்ப்பாணத்துக்கு நெருக்கமான விசயம் என்ன இருக்கிறது? 1707 இல் ஒல்லாந்தர் எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையை எழுத்தில் வைப்பதற்கும் முந்தியது காணியும் எல்லையும் பற்றிய எங்கள் கவலை. கதியால் போடும் நாளில் ஒரு முழம் தள்ளி நட்டான் என்று தொடங்கிப் பேரப்பிள்ளைகள் காலம்வரை முகம் பாராமல் இருந்த குடும்பங்களை எல்லோருக்கும் தெரியும். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் எங்கள் ஊரில் வெறும் மரங்கள் இல்லை, சாட்சிகள். ஆகவே ரைக்கரின் மாடுகள் வேலியைத் தாண்டும்போது நாங்கள் அதைக் காட்சியாகப் பார்ப்பதில்லை.

இந்த வேலியை வைத்தே ஸ்டீவன்ஸ் ஒரு காரியம் செய்திருக்கிறார்; அதற்காகவே அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். யூலை 4 கொண்டாட்டம். குடியேறிகள் கூடி ஆடுகிறார்கள். அன்றைக்கு ஜோவுக்கும் மரியனுக்கும் கலியாண நாளும்கூட. மரியன் ஷேனோடு ஆடுகிறாள். ஜோ அவர்களுக்கும் தனக்கும் நடுவே ஒரு குறுக்குத்தடி இருக்க, அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். கோபமில்லை, சந்தேகமில்லை. முகத்தில் ஏதோ ஒன்று விளங்கி, விளங்கியதை விழுங்கியும் விடுகிறான். ஷேனும் மரியனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்பதை யாரும் ஒரு வசனத்தாலும் சொல்வதில்லை. தொடுவதுகூட அந்த ஆட்டத்துக்குள்ளே தான், பிறகு கடைசியில் ஒரு கைகுலுக்கல். எங்கள் ஆட்கள் எடுத்திருந்தால் இதற்கு இரண்டு பாட்டும் ஒரு மழையும் வேண்டியிருக்கும். ஜோவாக நடித்த வான் ஹெஃப்லினுக்கு இந்தப் படத்துக்காக ஒரு பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை; ஒஸ்கார்காரரின் கண்ணுக்கு என்ன கோளாறோ! படம் ஆறு பிரிவில் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றையே வென்றது, லோயல் கிரிக்ஸின் வண்ண ஒளிப்பதிவுக்கு.

மரியனாக வந்த ஜீன் ஆதருக்குப் படப்பிடிப்பு நடந்த 1951 இல் வயது ஐம்பது. அதுவே அவருடைய கடைசித் திரைப்படம். ஒரு கௌபோய் படத்தில் கதாநாயகிக்கு ஐம்பது வயது என்பதை இன்றைக்கும் யாரும் துணிய மாட்டார்கள். பார்க்கிறபோது அது உறைப்பதும் இல்லை. களைத்த கையும் அடக்கிய குரலுமாக அவர் ஒரு தோட்டக்கார வீட்டின் தூண்.

இனித் துவக்கு.

எங்களுக்குத் துவக்குச் சத்தம் தெரியும். எது தூரம், எது கிட்ட, எது வேலிக்கு அங்காலை என்று சின்னப் பிள்ளைகளே சொன்ன காலம் இருந்தது. அதனாலேயே சண்டைப் படங்களின் டுமீல் டுமீல் எனக்குச் சிரிப்பைத் தவிர வேறொன்றையும் தந்ததில்லை. ‘ஷேன்’ அப்படியில்லை. டொரி என்ற குடியேறி, தென்மாநிலக்காரன், வாய்ச்சவடால் கொஞ்சம் கூட, சண்டித்தனம் இல்லாத ரோசக்காரன். எலிஷா குக் என்ற மெல்லிய மனிதர் அந்த வேடத்தில். மழை பெய்து சேறான தெரு. ரைக்கர் பிடித்து வந்த கூலிக் கொலைகாரன் வில்சன் பலகை நடைபாதையில் உயரத்தில் நடக்கிறான். டொரி கீழே சேற்றுக்குள்ளே வழுக்கி வழுக்கி அவனுக்குச் சமாந்தரமாக நடக்கிறான். வில்சன் மெதுவாகக் கையுறையைப் போடுகிறான். நாலு வார்த்தை. டொரி துவக்கை எடுக்கிறான், எடுத்த கையோடு தனக்கு வேகம் போதாது என்று கண்டு நின்றுவிடுகிறான். அந்த நிறுத்தத்தில் ஒரு முழு வாழ்க்கை தெரிகிறது. பிறகு வெடி. மனிதன் மடிந்து விழவில்லை. பின்னால் தூக்கி எறியப்பட்டுச் சேற்றுக்குள் மல்லாந்து போகிறான். நடிகரைக் கயிற்றால் கட்டிப் பின்னுக்கு இழுத்து எடுத்த காட்சி அது. வெடிச் சத்தத்துக்காகப் பீரங்கியைச் சுட்டு ஒலிப்பதிவு செய்ததாகவும் சொல்வார்கள்.

ஏன் இவ்வளவு மினக்கெட்டார் ஸ்டீவன்ஸ்? 1939 இல் அவர் ‘கங்கா தின்’ என்று ஒரு படம் எடுத்தவர். இந்திய எல்லையில் வெள்ளைச் சிப்பாய்கள் விளையாட்டாகச் சுட்டுத் தள்ளும் படம்; எங்களுக்கெல்லாம் பார்த்தால் எரிச்சல் வரும். பிறகு உலக யுத்தம் வந்தது. அமெரிக்கப் படையின் படப்பிடிப்புப் பிரிவோடு ஐரோப்பாவுக்குப் போனார். 1945 இல் டக்காவ் வதைமுகாம் திறக்கப்பட்டபோது அங்கே நின்று படம் பிடித்தவர் அவர். திரும்பி வந்த மனிதனுக்குத் துவக்கு விளையாட்டுச் சாமானாக இருக்கவில்லை. ‘கங்கா தின்’னையும் ‘ஷேன்’னையும் எடுத்தவர் ஒரே ஆள் என்றால் நம்பக் கஷ்டம், இடையில் அவர் கண்ட காட்சிகளை நினைத்தால் நம்பலாம்.

டொரியை அடக்கம் செய்யும் காட்சி இந்தப் படத்தின் மணிமுடி. மேட்டிலே மயானம். கீழே பொம்மைகளை அடுக்கினமாதிரிச் சிறு ஊர், பின்னாலே வானத்தை மறித்துக்கொண்டு டெட்டன் மலைகள். ஒருவர் மவுத் ஓர்கன் வாசிக்கிறார். டொரியின் நாய் பெட்டியைப் பிராண்டுகிறது. சின்னப் பிள்ளைகள் அலுப்பில் நெளிகிறார்கள், பெரியவர்கள் தலை குனிந்து நிற்கிறார்கள். வந்தவர்களில் சிலரின் வண்டியில் வீட்டுச் சாமான் ஏற்றிக் கிடக்கிறது; அடக்கம் முடிந்த கையோடு பள்ளத்தாக்கை விட்டுப் போகிற எண்ணம். ஜோ நிற்கச் சொல்லி மன்றாடுகிறான். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் புகை. இன்னொரு குடியேறியான லூயிஸின் வீட்டை ரைக்கரின் ஆட்கள் கொளுத்திவிட்டார்கள்.

1995 ஒக்டோபர் 30 இல் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து எழும்பி நடந்தபோது உரும்பிராயும் நடந்தது. சைக்கிள் கரியரில் எதைக் கட்டுவது, எதை விடுவது என்று திண்ணையில் நின்று தடுமாறிய முகங்களை அந்த வண்டிகளின் பக்கத்தில் நான் காண்கிறேன். இதற்கு மேல் அதைப்பற்றி எழுதினால் படத்தை விட்டுவிடுவேன்.

எங்கள் ஆட்களுக்குக் கௌபோய் புதிதில்லை. அப்பா தலைமுறைக்கு ஆங்கிலப் படம் என்றால் யாழ்ப்பாணம் றீகல் தியேட்டர். பலாலி வீதியால் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ‘மெக்கனாஸ் கோல்ட்’ கதையை மதகில் இருந்து சொல்லுவார்கள். தமிழ்நாட்டில் ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்குநராகி ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றினார். எங்களுக்கு டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும், சிவகாசியிலிருந்து வந்த சித்திரக்கதைப் புத்தகங்களில். இவற்றை எல்லாம் விழுந்து விழுந்து இரசித்தவன்தான் நான், ஒன்றையும் பழிக்கமாட்டேன். ஆனால் இவற்றில் எதிலுமே யாரும் தோட்டம் செய்து நான் பார்த்ததில்லை. மரக்கறி எங்கிருந்து வருகிறது, யார் நட்டது என்ற கேள்வி அந்தப் பாலைவனங்களில் எழுவதில்லை. கனடாவிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்த இறுவட்டில் ‘ஷேன்’னைப் பார்த்தபோது, முதலில் கண்ணில் பட்டது அந்த வீட்டுக்குப் பக்கத்துப் பாத்திகள்.

மூலக்கதை ஜாக் ஷேஃபர் எழுதியது. நாவலாக வந்தது 1949 இல். எழுதும்போது அவர் அந்த மேற்குச் சீமையைக் கண்ணால் கண்டவரில்லை என்பது ஒரு வேடிக்கை. கதை சொல்வது சிறுவன். படமும் அந்தச் சிறுவனின் உயரத்திலிருந்தே பார்க்கிறது. தொடக்கத்தில் ஜோயி குண்டில்லாத துவக்கால் ஒரு மானைக் குறிபார்க்கிறான். மான் தலையை நிமிர்த்த, அதன் கொம்புகளுக்கு நடுவே தூரத்தில் ஷேன் குதிரையில் வருவது தெரிகிறது. கடைக்குள்ளே பெரிய அடிதடி நடக்கும்போது ஜோயி கதவடியில் நின்று இனிப்புக் குச்சியைக் கடிக்கிறான்; அடி விழ விழ அவன் கடியும் இறுகுகிறது. ஜோயியாக நடித்த பிரண்டன் டிவைல்டுக்கு அப்போது ஒன்பது வயது. முப்பதாவது வயதில், 1972 இல், வீதி விபத்தில் போய்விட்டார்.

ஷேனாக வந்த அலன் லாட் கட்டையான மனிதர். ஹொலிவூட் கணக்குக்கு உயரம் பற்றாது என்று வாழ்நாள் முழுதும் கேலி கேட்டவர். இந்தப் படத்துக்கு அந்த உயரமே பொருந்திவிட்டது. கடையில் வேலை உடுப்பு வாங்கி மாற்றிக்கொண்டு, சிறுவனுக்குச் சோடா வாங்கப் போய், மதுக்கடையில் ரைக்கரின் ஆட்கள் செய்யும் கேலியைப் பொறுத்துக்கொண்டு திரும்பி வருகிற அந்த முகத்தில் ஒரு களைப்பு. கமக்காரனாகிவிட வேண்டும் என்று மனிதன் எவ்வளவு பாடுபடுகிறான்! ஆனால் பின்னால் சின்னதாக ஒரு ‘கிளிக்’ கேட்டால் கை தானாக இடுப்புக்குப் போகிறது.

ரைக்கரை வெறும் வில்லனாக விடவில்லை என்பதும் எனக்குப் பிடித்தது. தான் முந்தி வந்தவன், இரத்தம் சிந்தி இந்த நிலத்தைப் பழக்கியவன், இப்போது வந்தவர்கள் வேலி போட்டுத் தன் மாட்டுக்குத் தண்ணீரை மறிக்கிறார்கள் என்று அவன் பேசுகிறபோது தலை கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. உனக்கு முந்தியும் ஆட்கள் இருந்தார்கள் என்று ஜோ பதில் சொல்கிறான். அவர்களுக்கெல்லாம் முந்தி அந்த நிலத்தில் இருந்த பூர்வகுடிகள் பேச்சில் மட்டும் வந்து போகிறார்கள், ஒரு முகம்கூடத் திரையில் இல்லை. இது படத்தின் பெரிய ஓட்டை. கடைசி இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து இருட்டாக்கியதும் எனக்கு உவப்பில்லை. பழைய பிரதிகளில் யார் எங்கே நிற்கிறார் என்று கண்ணைப் பிசைய வேண்டும்.

ஆனால் அந்தப் பகல் காட்சிகள்! பனையையும் கோயில் கோபுரத்தையும் தவிர அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லாத தட்டை நிலத்தில் பிறந்தவன் நான். 4,199 மீற்றர் உயரமான கிராண்ட் டெட்டனை நீளக் குவியவில்லையால் இழுத்து, ஜோவின் கொல்லைக்குள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார் லோயல் கிரிக்ஸ். மலை அருகில் நிற்கிறதா தூரத்தில் நிற்கிறதா என்று புரியாமல் வாய் பார்த்துக்கொண்டே இருக்கலாம். படம் முடிந்து வெளிவர ஒன்றரை வருடத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் அகலத்திரை மோகம் வந்துவிட, சதுரமாக எடுத்த படத்தின் மேலும் கீழும் வெட்டித் தியேட்டர்களில் ஓட்டினார்கள். மலையுச்சிகளையே வெட்டினார்கள், பாவிகள்! 2013 இல் வந்த புளூ ரே தட்டில் முழுச் சதுரமும் திரும்பி வந்திருக்கிறது. பார்ப்பதென்றால் அதைத் தேடிப் பாருங்கள். கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து என்னோடு கதைக்க வேண்டாம்.

கடைசியில் ஷேன் தனியாகப் போய்க் கணக்கை முடிக்கிறான். காயத்தோடு குதிரை ஏறி மயானத்தைக் கடந்து மலைக்குப் போகிறான். சிறுவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நிற்கிறான். ஷேன் உயிரோடு போகிறானா, குதிரையிலேயே இறந்துவிட்டானா என்று எழுபது வருடமாகச் சண்டை. 2017 இல் வந்த ‘லோகன்’ படம் இந்த முடிவை நேரடியாகவே எடுத்துப் பயன்படுத்தியது. என் கட்சி, உயிரோடு போகிறான் என்பது. இறந்துவிட்டால் அவனுக்கு வலி முடிந்துவிடும்; அது முடியக் கூடாது.

அண்ணை இந்த விவாதத்தில் சேரவில்லை. அவருக்கு வில்சன்மீதுதான் கண். ஜாக் பாலன்ஸ் அந்த வேடத்தில் பேசுவது சொற்பம். உள்ளே வந்தால் நாய் எழும்பி ஒதுங்குகிறது, அவ்வளவு போதும். குதிரை ஓட்டவே சரியாகப் பழகாத நடிகர் அவர். இறங்கும் காட்சியைப் பின்னோக்கி ஓட்டி ஏறும் காட்சியாக ஒப்பேற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு.

“உந்தக் கறுவல் சட்டைக்காரன் நடிச்ச வேறை படம் இருக்கோ தம்பி?”

இருக்கிறது. ‘சிட்டி ஸ்லிக்கர்ஸ்’, 1991 இல் வந்த பகிடிப் படம். பட்டணத்து ஆட்கள் மூன்று பேர் மாடு சாய்க்கப் பழகும் கதை. அவர்களுக்குப் பழக்குகிற முரட்டுக் கிழவனாகப் பாலன்ஸ் வந்து, அதற்கே ஒஸ்காரும் வாங்கி, 73 வயதில் மேடையிலேயே ஒற்றைக்கையால் தண்டால் எடுத்துக் காட்டினார். இதைச் சொன்னதும் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தண்ணி இறைப்பு முடிய வருவாராம். மாடு வருகிற படமென்றால் மனிசியையும் கூட்டிக்கொண்டு.